முதல் அலசல் தண்ணீர்

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் வண்டி மறுபடியும் மக்கர் பண்ணியது. முதலில் இரண்டு இருமல், அப்புறம் ஒரு குலுக்கல், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓரமாக உருண்டுபோய் நின்ற பிக்கப்புக்குள் ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால், மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் சுற்றி அடுக்கிய வெள்ளைப் படுக்கை விரிப்புகளும் டவல்களும் இருந்தன. அவை போய்ச் சேரவேண்டிய இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் ரிசார்ட். காலையில் அறையைக் காலி செய்கிறவர்களுக்கும் மதியம் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் துணி போகவில்லையென்றால் விருந்தாளி வெறும் மெத்தையைத்தான் பார்ப்பார்.

"ஏர் புடிச்சிகிச்சு," என்றான் அவள் புருஷன் ஏசுபாதம்.

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

"போன வாரமும் அதான் புடிச்சிது."

இந்த மனுஷனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. சுவராவது எதிர்த்துப் பேசாது. ஏசுபாதம் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கைப்பம்பை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். வண்டி உயிர் பெற்றது, நாலு கடை தூரம் போனது, மறுபடி செத்தது. ஜெனிட்டாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, தொண்டைவரைக்கும் வந்தது. ஏனென்றால் ரிசார்ட் மேனேஜர் போன தடவையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை தாமதமானால், முன்னே துணி வெளுத்த சென்னைக் கம்பெனியைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவோம்.

சென்னைக் கம்பெனியிடமிருந்துதான் இந்த வேலையே அவள் கைக்கு வந்தது. அது வந்ததும் ஒரு எண்ணெயால்தான். ரிசார்ட் சமையலறையில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை ஒரு ஆலைக்கு அனுப்பி, பயோடீசலாக மாற்றி வாங்கி, நாலு பங்கு டீசலுக்கு ஒரு பங்காகக் கலந்து, அதை ரிசார்ட்டுக்கு வந்துபோகும் வண்டிகளெல்லாம் ஊற்றவேண்டும் என்று, பசுமை ரிசார்ட் என்ற பேருக்காக ஒரு திட்டம் போட்டார்கள். சென்னைக் கம்பெனிக்காரர்கள், எங்கள் வேன்கள் புதுசு, வாரண்டி போய்விடும், ஊற்றமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். நான் ஊற்றுகிறேன் என்று ஜெனிட்டா கையைத் தூக்கினாள். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு சலவைக்கூடம் வைத்துக்கொண்டு, லாட்ஜ் போர்வைகளையும் ஆஸ்பத்திரித் துணிகளையும் வெளுத்துக்கொண்டிருந்தவள். அவள் அம்மா கருங்குழிப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டவள். மகள் கடலோர ரிசார்ட்டுக்குத் துணி வெளுக்கும் முதலாளி என்றால் சும்மாவா? இரண்டு புது மெஷின் வாங்கினாள், செங்கம்மாளையும் இன்னும் நாலு பெண்களையும் வேலைக்கு வைத்தாள். ரிசார்ட் வேலை போனால் அந்த மெஷினும் அந்தப் பெண்களும் சும்மா நிற்கவேண்டியதுதான்.

திருக்கழுக்குன்றத்தில் பட்டறை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா பாய் பைக்கில் வந்து சேர்ந்தார். டீசல் ஃபில்டரைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். காபி டிகாஷன் மாதிரி கறுப்பாக ஒழுகியது, அதோடு கொழகொழவென்று என்னவோ வந்தது. பாய் அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"பஜ்ஜி எண்ணெய ஊத்தினா வண்டி பஜ்ஜிதாம்மா போடும். இத நிறுத்து, மொதல்ல."

"பாத்தியா? பாயே சொல்லிட்டாரு," என்றான் ஏசுபாதம், என்னவோ பரீட்சையில் பாஸ் பண்ணியவன் மாதிரி.

புது ஃபில்டர் போட்டு, பம்ப் அடித்து, வண்டி கிளம்பியது. துணி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு மேனேஜர் ஊரில் இல்லாததால் தலை தப்பியது. ஆனால் ஜெனிட்டாவின் வாய் அன்றைக்குச் சும்மா இருக்கத் தயாராக இல்லை.

எண்ணெய்த் திட்டத்தைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ரிசார்ட்டில் கவியா என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் கருங்குழிக்காரிதான். தினமும் பஸ் மாறி வருவாள். படித்த திமிர் எதுவும் கிடையாது, அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். திட்டம் தொடங்கிய நாளில் டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டு, வண்டி பழசாக இருந்தால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னவள். அன்றைக்கு ஏசுபாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் வண்டியை என் பெண்ணைப் போல வைத்திருக்கிறேன் மேடம் என்றான். அது பொய்யில்லை. தினமும் காலையில் சலவைக்கூடத்துச் சோப்புத் தண்ணீரில் வண்டியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அவன் டீயே குடிப்பான். பத்து வருஷ வண்டி, கண்ணாடி மாதிரி மின்னும்.

அந்தக் கவியாவைத்தான் ஜெனிட்டா ரிசார்ட்டின் பின்கட்டில் பிடித்துக்கொண்டாள். காய்கறி கொண்டுவரும் தாமோதரன் இருந்தான், ஐஸ் வண்டிக்காரர் இருந்தார், எல்லாருக்கும் இந்த எண்ணெயின் மேல் ஏதோ ஒரு மனத்தாங்கல். புகை வடை நாற்றம் அடிக்கிறது, சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் எந்தக் கடை என்று கேட்கிறான், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஆனால் அதையெல்லாம் கூட்டிச் சேர்த்து உரக்கச் சொல்லும் துணிச்சல் ஜெனிட்டாவுக்குத்தான் இருந்தது.

"உங்க அடுப்பாங்கரைக் கழிவ கொட்ட எங்க வண்டிதான் கெடச்சிதா? நீங்க பச்ச பச்சன்னு போர்டு மாட்டிக்குவீங்கோ, நாங்க நடுரோட்டுல நிக்கணும். இந்த எண்ணெய் சாக்கட எண்ணெய். நல்ல வண்டிய நாசம் பண்ணிடுச்சு. இத நிறுத்தற வரிக்கும் எவனும் இங்க நிம்மதியா தொழில் பண்ண முடியாது. மேல சொல்லு, நான் சொன்னேன்னே சொல்லு."

தாமோதரன் தலையாட்டினான். ஐஸ் வண்டிக்காரர், நல்லாக் கேட்டம்மா என்றார். கவியாவின் முகம் சுருங்கிப்போனது. தன்னாலான பதிலைச் சொல்லிப் பார்த்தாள். ரினியூவபிள் டீசல் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதைச் சாதாரண டீசல் மாதிரியே எந்த வண்டியிலும் ஊற்றலாம், ஆனால் அது நம் பக்கம் கிடைப்பதில்லை, இருக்கிறதை வைத்துத்தான் ஆரம்பித்தோம் என்றாள். அவளை முழுதாகப் பேசவிட்டால்தானே? கடைசியில், சரி, மேலே எழுதுகிறேன், முடிவு வரும்வரை பங்க் டீசலே ஊற்றிக்கொள்ளுங்கள், கலந்து வைத்த எண்ணெய்க் கேன்களை மட்டும் வழக்கம்போல எடுத்துப் போய்விடுங்கள், இங்கே வைக்க இடமில்லை என்று சொன்னாள்.

வழி நெடுக ஜெனிட்டாவுக்கு மனசு லேசாக இருந்தது. நெடுநாள் அடைத்துக் கிடந்ததைக் கொட்டினால் வருமே, அந்த லேசு. பங்க் டீசல் ஊற்றியதும் வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. நேரத்துக்குப் போய், நேரத்துக்கு வந்தது. ஏசுபாதம் பார்க்கிறவனிடமெல்லாம் எண்ணெயைத் திட்டினான். ரிசார்ட் கொடுத்த கேன்கள் சலவைக்கூடத்தின் பின்பக்கம் வரிசையாகச் சேர்ந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்புறம் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சலவைக்கூடத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது, மெஷின்கள் வாங்கியபோதே சேர்த்து வாங்கியது, புதுசு மாதிரிதான். ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதில் டீசல் தீர்ந்துபோனது. ஏசுபாதம் வண்டியோடு ரிசார்ட்டுக்குப் போயிருந்தான். மெஷினுக்குள்ளே பாதித் துணி சோப்பு நுரையோடு ஊறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கேனுங்கோ சும்மாதான கீது, அத ஊத்தேன்," என்றாள் செங்கம்மாள்.

ஜெனிட்டா தயங்கினாள். அப்புறம், கெட்டால் கெடட்டும் என்று ஒரு கேனைத் தூக்கிக் கவிழ்த்தாள். ஜெனரேட்டர் தடதடவென்று ஓடத் தொடங்கியது. பின்கட்டெல்லாம் வடை வாசனை. அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அது எப்போது இருமும், எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், நிற்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு கத்தியிருக்கிறாளே, அந்தக் கத்தலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பாழாய்ப்போன ஜெனரேட்டர் நிற்கவில்லை. மதியம் தாண்டியும் ஓடியது. சாயங்காலம் கரண்ட் வரும்வரை, ஒரே தாளத்தில், அவளைக் கேலி செய்வதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே போய் அதன் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் பெரிய மெஷின் தண்ணீரை வெளியே தள்ளியது. அன்றைக்கு அதில் போட்டிருந்தவை ஒரு பழைய லாட்ஜின் திரைச்சீலைகள். தொங்கவிட்ட நாளிலிருந்து தண்ணீரையே பார்க்காதவை. ஜெனரேட்டரை ஒட்டிப் போகும் கால்வாயில் முதல் அலசல் தண்ணீர் கறுகறுவென்று ஓடியது. ஜெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புதிதாக வரும் வாடிக்கையாளர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! முதல் தண்ணீர் கறுப்பாகத்தான் வரும், அதைப் பார்த்து எங்கள் சோப்பைத் திட்டாதீர்கள், அது உங்கள் துணியில் இருந்த அழுக்கு, சோப்பு அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான், இரண்டாவது தண்ணீரைப் பாருங்கள் என்று. அதே பேச்சை அவளிடமே யாரோ சொல்வதுபோல் இருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஏசுபாதம் வந்து இறங்கியதும் இறங்காததுமாக அவனை மடக்கினாள்.

"யோவ், டீசல் டேங்க்க எப்பக் கழுவுன?"

"டேங்க்க எவனாவது கழுவுவானா? லூசா நீ?"

"வண்டிய தெனம் கழுவுறியே."

"அது வெளிப்பக்கம்மே. நாலு பேரு பாக்கறது."

பத்து வருஷமாக அந்த டேங்க் திறக்கப்படவே இல்லை. அதற்குமேல் ஏசுபாதத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அன்றைய ஓட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஊற்றுவான். டேங்க் நிரம்பி அவள் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். கடற்கரைக்குத் தினமும் போய்வரும் வண்டி, முக்கால்வாசி காலியாகக் கிடக்கும் டேங்க், உள்ளே உப்புக்காற்றும் ஈரமும். அடியில் துருவும் கசடும் வருஷக்கணக்கில் கெட்டியாகப் படிந்து, டீசல் அதன் மேலாக நாசூக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பயோடீசல் போய் அதைச் சோப்பு மாதிரி உரித்தெடுத்திருக்கிறது. உரித்ததெல்லாம் நேராக ஃபில்டருக்குள். இதை அவள் விளக்கிச் சொல்லச்சொல்ல ஏசுபாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். என் வண்டியில் அழுக்கா என்று கேட்டான். பாய் சொன்னது பொய்யா என்று கேட்டான். கடைசியில், உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டான்.

"வண்டியப் பத்தித் தெரியாது. அழுக்கப் பத்தித் தெரியும்," என்றாள் ஜெனிட்டா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக்கூடப் போகாமல், வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ரஹ்மத்துல்லா பாய்க்கு நம்பிக்கை இல்லை. ஜெனிட்டாம்மா சொல்லுதேன்னு கழட்டுறேன் என்று முனகிக்கொண்டேதான் டேங்கை இறக்கினார். கவிழ்த்தபோது விழுந்ததைப் பார்த்து அவர் முனகல் நின்றது. பழுப்பாக, வழவழவென்று, துருத்தூளோடு, கைநிறைய அள்ளலாம் போல வந்தது. டேங்கின் உட்பக்கம் ஒரு பகுதியில் மட்டும் கசடு சுத்தமாக உரிந்து, தகரம் பளிச்சென்று தெரிந்தது. எண்ணெய் எவ்வளவு தூரம் வேலை பார்த்திருந்தது என்று கோடு போட்டுக் காட்டின மாதிரி இருந்தது. மிச்சத்தையும் பார்த்து முடிப்பதற்குள்தான் அவள் அதைத் திட்டி நிறுத்திவிட்டாள்.

"நானும் எண்ணெய் மேலதான் பழியப் போட்டேன். மன்னிச்சிக்கம்மா," என்றார் பாய். அவர் கேட்ட மன்னிப்பும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஏசுபாதம் ஒரு குச்சியை எடுத்து அந்தக் கசடைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

டேங்கைக் கழுவி, காயவைத்து, ஊறிப்போன பழைய ரப்பர் குழாயை மாற்றி, புது ஃபில்டர் போட்டார்கள். அப்புறம் சலவைக்கூடத்துக் கேன்களையெல்லாம் டேங்க் நிரம்பும்வரை ஊற்றினார்கள். ஏசுபாதம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டீசல் முள் உச்சியைத் தொடுவதைப் பார்த்தான். மறுநாள் வண்டி வடை வாசனையோடு செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, திருக்கழுக்குன்றத்து மலையடிவாரம் தாண்டி, எங்கேயும் மூச்சு வாங்காமல் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே.

வார முடிவில் ஜெனிட்டா தானே வண்டியில் ஏறிக்கொண்டாள். கவியாவிடம் நேரில் சொல்லவேண்டும். சொன்னதை வாபஸ் வாங்குவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். வழி நெடுக வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். தப்பு எங்க டேங்க்லதான் என்று எடுத்தவுடன் போட்டு உடைத்துவிடலாமா, இல்லை வண்டி இப்போ நல்லா ஓடுது என்று மெதுவாக ஆரம்பிக்கலாமா? தாமோதரனையும் ஐஸ் வண்டிக்காரரையும்கூடக் கூப்பிட்டு டேங்கைக் கழுவச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எப்படியும் கவியா சந்தோஷப்படுவாள். அந்தப் பெண்ணின் சுருங்கின முகம் ஞாபகம் வந்து மனசை உறுத்தியது.

கவியா பின்கட்டிலேயே நின்றிருந்தாள். ஜெனிட்டாவைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். ஜெனிட்டா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, நானே போன் பண்ணணும்னு இருந்தேன். எண்ணெய் விஷயம் முடிஞ்சிடுச்சு. இனிமே யாரும் ஊத்த வேணாம்."

"இன்னாது?"

"நீங்க சொன்னத அப்படியே எழுதி அனுப்பினேன்க்கா, உங்க பேரப் போட்டு. எல்லா சப்ளையருக்கும் சேர்த்து நீங்க பேசினீங்கன்னு. டைரக்டருங்க போர்டுல படிச்சிருக்காங்க. நல்ல வண்டிய நாசம் பண்ணுதுன்னா நாளைக்கு நம்ம மேல கேஸ் வரும்னு சொல்லி திட்டத்தையே நிறுத்திட்டாங்க."

ஜெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டேங்கைப் பற்றிச் சொன்னாள். கசடைப் பற்றி, ஜெனரேட்டரைப் பற்றி, முதல் அலசல் தண்ணீரைப் பற்றி, தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். தப்பு எண்ணெயில் இல்லை, எங்களிடம்தான், இதையும் மேலே எழுது என்றாள். கவியா பொறுமையாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா போராடிப் பாத்திருப்பேன்க்கா. இப்ப கையெழுத்தே ஆயிடுச்சு. என்னையும் ரிசப்ஷனுக்கு மாத்திட்டாங்க."

"சரி, போவட்டும். பங்க் டீசலே ஊத்திக்கினு ஓட்டறோம். துணி இப்ப டயத்துக்கு வருதில்ல?"

கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் ஜெனிட்டாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் ஊற்றச் சம்மதித்ததால்தானே வேலை அவளுக்கு வந்தது? எண்ணெயே இல்லையென்றால் அவள் எதற்கு?

"சென்னைக் கம்பெனி பேட்டரி வேன் வாங்கியிருக்காங்களாம். ஒண்ணாந் தேதிலேருந்து அவங்க வராங்க," என்றாள் கவியா. "மேனேஜர் உங்ககிட்ட சொல்லச் சொன்னார். என்னையே சொல்லச் சொன்னார்."

கத்தலாம் என்று ஜெனிட்டா வாயைத் திறந்தாள். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. இந்தப் பெண்ணையா? ஜெனிட்டா சொன்னதைத்தானே இவள் எழுதினாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாயையா, புருஷனையா? அன்றைக்கு இந்த இடத்தில் நின்று கத்தியது அவர்கள் இல்லையே. இத்தனை நாளும் எல்லார் மேலும் வஞ்சனையில்லாமல் பங்கு போட்ட கோபம் இப்போது மொத்தமாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. காய்கறி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த தாமோதரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நல்ல வேலை பண்ணே அக்கா, தொல்லை விட்டுது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குக் காய்கறி வேலை அப்படியேதான் இருந்தது.

அவள் துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். செங்கம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். எல்லாம் இறக்கி முடித்து வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தடங்கல் இல்லாமல்.

"இன்னா ஆச்சு, இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்று கேட்டான் ஏசுபாதம்.

ஜெனிட்டா கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தாள்.

"நான் சொன்னதக் கேட்டுட்டாங்களாம்," என்றாள். "வண்டிய எடு."